ஒரு கார் அகலம்

தை பிறந்ததும் அல்லியின் கை சாலைக்கு வந்தது. கன்னியாகுமரியிலிருந்து குவாஹாத்தி வரை, ஓட்டுநர் இல்லாமல் ஓடிய அரசுப் பேருந்துகள் அத்தனையும் அன்று காலையிலிருந்து அவளைப் போலவே வளைந்தன, அவளைப் போலவே பிரேக் பிடித்தன, நெரிசலில் அவளைப் போலவே முந்தின.

முந்தைய ஆண்டின் தேசிய டூரிங் கார் சாம்பியன் அவள். டூரிங் கார் என்றால் பந்தயத்துக்கென்றே பிறந்த அம்பு மாதிரியான வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். நம் வீட்டு வாசலில் நிற்கிற அதே நாலு கதவுக் கார்தான், உடம்பை இறுக்கிக்கொண்டு களத்துக்கு வந்திருக்கும். இருபது கார்கள் ஒரே வளைவுக்குள் ஒன்றாக வந்து விழும். கதவோடு கதவு உரசும், கண்ணாடிகள் பறக்கும். கோவை வீதியில் காலை எட்டரை மணிக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்பதால், தேசியப் பயணக் கழகம் இந்தப் பந்தயத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. சாதாரண ஓட்டுநர் ஒருவர் ஆயுள் முழுக்கச் சந்திக்கிற இக்கட்டுகளை, பந்தய ஓட்டுநர் ஒரே சீசனில் சந்தித்துவிடுவார். ஸ்டீயரிங்குக்குக் கீழே பொருத்தியிருக்கும் சின்னக் கருவி ஒன்று அவர் எடுக்கிற முடிவுகளையெல்லாம் கற்றுக்கொள்ளும். சீசன் முடிந்ததும், வென்றவரின் கருவி கற்றதை நாட்டின் பேருந்துகளில் ஓராண்டுக்கு ஏற்றிவிடுவார்கள். அதற்கு மக்கள் வைத்த பெயர்தான் ‘கை’.

தமிழ்நாட்டுக்காரி ஒருத்தியின் கை சாலைக்கு வந்தது அதுவே முதல் முறை. காந்திபுரத்தில் பேனர் கட்டினார்கள். பேருந்துகளின் பின்புறத்தில் யாரோ சுண்ணாம்பால் ‘இனி அல்லி ராஜ்யம்’ என்று எழுதிவைத்தார்கள். அல்லிக்கு முப்பத்தாறு வயது. பதினாறு வருடமாக ஓட்டுகிறவள். பேனரைப் பார்க்காத மாதிரிதான் கடந்து போவாள். ஆனால் அந்த வழியாகத்தான் போவாள்.

மாசி மாதத்தில் சிங்காநல்லூர் சந்திப்பில் அந்தச் சம்பவம் நடந்தது. சாலை குறுகுகிற இடம். ஒரே இடைவெளிக்கு ஒரு ஸ்கூட்டரும் ஒரு பேருந்தும் போயின. பேருந்தின் முன்பக்கம் ஒரு சாண் முன்னால் இருந்தது. அது வேகத்தைக் கூட்டவில்லை, விதி எதையும் மீறவில்லை. தன் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே நகர்ந்தது. ஸ்கூட்டருக்குப் போக இடமில்லாமல் போயிற்று. ஓட்டி வந்தவரின் கால் நடைபாதைக் கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

பீளமேட்டுப் பட்டறையில் அல்லியும் அவளுடைய பொறியாளர் நசீமாவும் அந்தக் காட்சியைச் செய்தியில் பார்த்தார்கள். நசீமா திருவல்லிக்கேணிக்காரி, ஐந்து வருடமாக அல்லியின் காரைப் பார்த்துக்கொள்கிறவள். இரண்டாம் முறை ஓடவிட்டபோது அல்லி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“நசீமா, அது நான்.”

“பஸ்ஸுதானேக்கா அது.”

“அந்தத் தோளக் கொடுக்கறது இருக்குதே, மூக்கு நுழைஞ்சதும் மெல்லச் சாயறது. அது என்னோடது. வேற யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க.”

நசீமா படத்தை நிறுத்தினாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த நாள் அல்லி மருத்துவமனைக்குப் போனாள். அடிபட்டவர் பெயர் சற்குணம். அரசு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். முழங்காலுக்குக் கீழே இரும்புக் கம்பிகள் போட்டிருந்தார்கள். வாசலில் தயங்கி நின்றவளை அவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.

“வாங்க அம்மிணி, உக்காருங்க. டிவியில பாத்ததுக்கு நேர்ல ஒல்லியா இருக்கறீங்க.”

“மாஸ்டர், நான் எப்படிச் சொல்றதுன்னு…”

“மன்னிப்பு கின்னிப்பெல்லாம் வேண்டாமுங்க. போன வருசம் கடைசி ரேஸுல மூக்க நுழைச்சு உள்ள போனீங்கல்ல, அத எங்க பள்ளிக்கூடத்துல பசங்களை உக்கார வெச்சுப் போட்டுக் காட்டுனவன் நான். இப்படித்தான் முடிவெடுக்கோணும்னு சொன்னேன்.” அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டார். “பஸ்ஸு மேல எந்தத் தப்பும் இல்லீங்க. அது ஜெயிக்கற மாதிரி ஓட்டுச்சு, அவ்வளவுதான். நான் வேலைக்குப் போயிட்டிருந்தேன். ரேஸுல இருக்கறேன்னு எனக்குத்தான் தெரியல.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேராகப் பயணக் கழகத்துக்குப் போனாள். தன் கையைப் பேருந்துகளிலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். அதிகாரி மரியாதையானவர், காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

“அம்மா, உங்க கை வந்த பிறகு விபத்து பாதியாக் குறைஞ்சிருக்கு. வண்டியெல்லாம் நேரத்துக்குப் போகுது. இதைவிட என்ன வேணும்?”

“பாதி குறைஞ்சது சரிங்க. மிச்சப் பாதி நானாக்கும்.”

“அடுத்த சாம்பியன் வர்ற வரைக்கும் மாத்த முடியாதும்மா. சட்டம் அப்படி.”

அப்படியானால் அடுத்த சாம்பியனும் தானாகவே இருப்பது என்று அவள் முடிவு செய்தாள். ஆனால் வேறு ஆளாக. பட்டறைக்கு வந்து நசீமாவிடம் சொன்னபோது அவள் உடனே சம்மதிக்கவில்லை.

“கருவி எதை எடுத்துக்கும்னு தெரியுமாக்கா உங்களுக்கு? வேகத்தைக் கழகத்துக்காரங்க கழிச்சிடுவாங்க. டயர், பெட்ரோல், பிட் ஸ்டாப் எல்லாத்தையும் கழிச்சிடுவாங்க. கடைசில மிச்சம் இருக்கறது உங்க குணம் மட்டுந்தான். ஒரு இடத்துக்கு ரெண்டு பேர் போனா நீங்க என்ன பண்ணுவீங்க? அது ஒண்ணுதான்.”

“அப்ப சீசன் முழுக்க எல்லாருக்கும் எடம் விட்டு ஓட்டுனா?”

“சும்மா விட்டா கத்துக்காது. இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லாத நேரத்துல பெருந்தன்மையா இருந்தீங்கன்னா, அதை நடிப்புன்னு தள்ளிடும். கையில இருக்கறது போகும்னு தெரிஞ்சும் என்ன செய்யறீங்களோ, அதைத்தான் உங்க குணம்னு எடுத்துக்கும். அதனால விடணும்னா வலிக்க விடணும். அப்படி விட்டுட்டு ஜெயிக்கவும் செய்யணும். தோத்தவங்க கையை யாரும் எடுத்துக்க மாட்டாங்க.”

“சரி” என்றாள் அல்லி. “வலிக்க விடலாம்.”

சொல்வது எளிதாக இருந்தது. முதல் சுற்று சொந்த ஊரில், செட்டிபாளையத்தில். பக்கத்தில் ஒரு காரின் நிழல் விழுந்தாலே அவள் தோள் தானாகச் சாயும். பதினாறு வருடப் பழக்கம். அதை ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்து நிறுத்த வேண்டியிருந்தது. உள்ளே மூக்கை நுழைத்தவர்களுக்கெல்லாம் ஒரு கார் அகலம் இடம் விட்டாள். அவர்கள் நன்றி சொல்லவா வந்தார்கள், கடந்து போனார்கள். எட்டாவதாக வந்தாள். மைதானத்தில் சிலர் கூச்சலிட்டார்கள். வயதாகிவிட்டது, பிள்ளைகுட்டி பார்க்கப் போகலாம் என்று ஒருவர் கம்பிவேலிக்கு அருகே வந்தே சொன்னார். அணி முதலாளி அவளிடம் பேசாமல் கிளம்பிப் போனார்.

இரண்டாம் சுற்றுக்குள் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. இடம் விடுவது வேறு, வளைவை விட்டுக்கொடுப்பது வேறு. உள்ளே நுழைகிறவன் அவசரத்தில் வருகிறான். வளைவின் நடுவே அவன் மெதுவாகித்தான் ஆக வேண்டும். அவனுக்கு ஒரு கார் அகலத்தைக் கொடுத்துவிட்டு, தான் அகலமாகச் சுற்றி, வெளியேறும் இடத்தில் முன்னதாகவே ஆக்சிலரேட்டரை அழுத்தினால், அடுத்த நேர்ச்சாலையில் அவனைப் பிடித்துவிடலாம். சொல்ல ஒரு வாக்கியம். செய்வதற்கு, அவள் இதுவரை ஓட்டிய அத்தனையையும் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

மூன்றாவது சுற்றில், ஷில்லாங் மலைத்தடத்தில் கொட்டும் மழையில் அவள் வென்றாள். முன்னால் போன நால்வரையும் ஒருவர்மேலும் உரசாமல் கடந்து வந்தாள். கார் நின்றபோது நசீமா ஓடிவந்து கதவுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நாலு பக்கமும் ஒரு கீறல் இல்லை. டூரிங் கார் பந்தயத்தில் வென்ற காரொன்று அப்படி வந்து நின்றதை அங்கிருந்த எவரும் பார்த்ததில்லை. மற்ற அணிகளின் மெக்கானிக்குகள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று அல்லிக்கு வந்த பெருமை, பேனர் கட்டிய நாளில் வந்ததைவிடப் பெரியதாக இருந்தது. அது தன் பெயரைப் பற்றிய பெருமையாக இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

ஆனால் அந்த சீசனில் ராயபுரத்து ரெக்ஸும் இருந்தான். இருபத்தெட்டு வயது, துறைமுகத்து லாரி ஓட்டிப் பழகி வந்தவன். ‘இடி ரெக்ஸ்’ என்றுதான் பெயர். அவன் கார் கதவுகளில் மற்றவர்களின் காரிலிருந்து ஒட்டிய வண்ணங்கள் எல்லாம் இருக்கும். வேகத்தில் அல்லிக்கு இணை. அல்லி இடம் விடுகிறாள் என்று தெரிந்ததும் முதலில் அதைப் பயன்படுத்திக்கொண்டவனும் அவன்தான். ‘அக்கா கதவைத் தெறந்து வெச்சிருக்காங்கோ, நான் பூந்து போறேன்’ என்று தொலைக்காட்சியில் சிரித்தான். மூன்று சுற்று முடிந்தபோது புள்ளிகளில் இருவரும் ஒட்டி நின்றார்கள். மற்றவர்கள் பின்னால். வென்றால் அவள் கை. இல்லையென்றால் அவன் கை. சிங்காநல்லூர் சந்திப்பில் ரெக்ஸின் கை ஓட்டுகிற பேருந்தை நினைத்துப் பார்க்கவே அல்லி விரும்பவில்லை.

நாலாவது சுற்று கட்ச் பாலைத்தடத்தில். மதியச் சாப்பாட்டுப் பந்தலில் ரெக்ஸ் தட்டோடு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதக்கா. நீ ஏன் இந்த வருசம் இப்டி ஓட்ற?”

அவள் சற்குணம் மாஸ்டரைப் பற்றிச் சொன்னாள். அவன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் குனிந்த தலையை நிமிர்த்தவும் இல்லை.

“பந்தயம் வேற, ரோடு வேறக்கா. நம்ம ஜெயிக்கத்தான் வந்துகீறோம். அத எடுத்துப் பஸ்ஸுல போட்டவன் தப்பு அது.”

“அவங்க தப்புத்தான். ஓட்டுனது நான்.”

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். இரண்டடி போய்விட்டுத் திரும்பினான். “மத்தவனோட ஓட்டிட்டு எறங்குனா கழுத்து கல்லு மாதிரி இருக்கும். எப்ப இடிப்பான், எங்க இடிப்பான்னு பாத்துக்கினே இருக்கணும். உன்னோட ஓட்டுனா மட்டும் இல்ல. ஏன்னு தெரில” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைய பந்தயத்தில் இருவரும் கடைசி வரை பக்கம் பக்கமாகவே ஓட்டினார்கள். அவன் ஜெயித்தான்.

கடைசிச் சுற்று இருங்காட்டுக்கோட்டையில். கணக்கு எளிதாகியிருந்தது: இருவரில் யார் முன்னால் வருகிறார்களோ அவர்தான் சாம்பியன். கடைசி முறை சுற்றும்போது அல்லி முன்னால் இருந்தாள். ரெக்ஸ் அவள் பின்னால். கடைசி வளைவுக்கு முந்தைய நேர்ச்சாலையில் அவன் வெகுதூரத்திலிருந்தே உள்பக்கம் பாய்ந்தான். தாமதமாகப் பிரேக் பிடித்தான். அவனுடைய முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு புகைந்தன. கண்ணாடியில் அல்லி எல்லாவற்றையும் பார்த்தாள். விதிப்படி வளைவு அவளுடையது. அவள் தன் கோட்டில் திரும்பினால் போதும். அவனுக்கு இடமிருக்காது, சுவர்தான். அவளைக் குற்றம் சொல்ல யாருக்கும் வழியில்லை.

அந்தக் கணத்தில் அவள் தன்னைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. இவனுக்கு இடம் விட்டால் இவன் கை பேருந்துகளுக்குப் போகும். எத்தனை சந்திப்புகள், எத்தனை கால்கள். இந்த ஒரு தடவை மட்டும், நல்ல காரியத்துக்காக, கதவை அடைத்துவிடலாம். தோள் சாயத் தொடங்கிவிட்டது.

அதைப் பாதியிலேயே நிறுத்தினாள். சுவருக்கும் தனக்கும் நடுவில் இருந்தது ஒரு கையோ, ஒரு கருவியோ அல்ல. கட்ச் பந்தலில் தட்டோடு எதிரில் உட்கார்ந்தவன். அவள் ஒரு கார் அகலம் இடம் விட்டாள். ரெக்ஸின் கார் வழுக்கிக்கொண்டு வந்து அந்த இடத்தில் அடங்கியது. இரண்டு கார்களும் பக்கம் பக்கமாக வளைவைவிட்டு வெளியே வந்தன. கோட்டைத் தாண்டும்போது ரெக்ஸின் பம்பர் ஒரு முழம் முன்னால் இருந்தது.

அல்லி காரைவிட்டு இறங்கினாள். நசீமா ஹெட்போனைக் கழற்றாமலே அழுதுகொண்டிருந்தாள்.

“கொஞ்சம் சாஞ்சிருந்தா போதுமேக்கா. விதி உங்க பக்கந்தானே இருந்துச்சு.”

“விதி என்ற பக்கந்தான் கண்ணு. அழுவாத.” அல்லி ஹெல்மெட்டை அவள் கையில் கொடுத்தாள். “நானு இன்னைக்கு ஓட்டுன மாதிரி என்னைக்கும் ஓட்டுனதில்ல. அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.”

மேடையில் இரண்டாம் இடத்துப் படியில் நிமிர்ந்துதான் நின்றாள். ஆனால் கார்த்திகை போய் மார்கழி முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தையில் ரெக்ஸின் கை வரப்போகிறது. சரியானதைச் செய்துவிட்டுத் தவறானதை நாடு முழுக்க அனுப்பிவைத்திருக்கிறோமோ என்ற கேள்வி, சோற்றில் கல் மாதிரி அகப்பட்டுக்கொண்டே இருந்தது. புதிய கை ஏறிய நாளிலிருந்து அவள் செய்தி பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

பொங்கல் முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஒரு பிற்பகலில் பட்டறை வாசலில் ரெக்ஸ் நின்றான். சென்னையிலிருந்து நேராக வந்திருந்தான். முகம் தூங்காத முகமாக இருந்தது. அல்லி நாற்காலி போட்டாள். அவன் உட்காரவில்லை.

“அக்கா, அது என் கை இல்ல.”

“எது?”

“பஸ்ஸு. ஒரு வாரமா அதுலதான் சுத்திக்கினு கீறேன். நம்ம ஓட்றத நம்மளே பாக்கலாம்னு ஆசையா ஏறுனேன். மிண்ட் தெருவாண்ட ஒரு மீன்பாடி வண்டி குறுக்க வந்துச்சு. பஸ்ஸு மூக்கு முன்னாடிதான் கீது. நானா இருந்தா உட்ருக்க மாட்டேன். அது உட்டுச்சுக்கா. தள்ளி நின்னு, அவன் போற வரைக்கும் காத்துக்கினு, அப்பறம் அகலமா சுத்திப் போச்சு. ஒரு தபா இல்ல, ஒவ்வொரு தபாவும். வண்டி மாத்திப் பாத்தேன், ரூட்டு மாத்திப் பாத்தேன்.” அவன் நசீமாவின் பக்கம் திரும்பினான். “எவனோ தப்பு பண்ணி அக்கா கையைப் போட்டுட்டான். அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

நசீமா ஸ்பானரைக் கீழே வைத்தாள். “தப்பெல்லாம் இல்ல ரெக்ஸ். அது உன் கருவிதான். நானும் பாத்துட்டு நேத்துதான் விசாரிச்சேன்.”

“அப்ப எப்டி?”

“இழக்க ஏதாவது இருக்கிற நேரத்துல நீ என்ன செய்யறியோ, அதைத்தான் கருவி கத்துக்கும். இந்த சீசன்ல உனக்கு அப்படிப்பட்ட நேரம் யார்கூட வந்துச்சு? ஷில்லாங்குக்கு அப்பறம் நீ முட்டிக்கிட்டு நின்னது முழுக்க அக்காவோடதான். அவங்க ஒவ்வொரு தடவையும் இடம் விட்டாங்க. நீ என்ன பண்ணினே? யோசிச்சுப் பாரு.”

ரெக்ஸ் யோசித்தான். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான்.

“கடைசி வளைவுல வெளிய வர்றப்ப நான் அக்காவைப் புல்லுல தள்ளியிருக்கணும்” என்றான். “அப்டித்தான் நான் எப்பவும் முடிப்பேன். தள்ளல. அன்னிக்குத் தள்ளாததால ஒரு முழத்துலதான் ஜெயிச்சேன். வூட்ல அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பாத்தேன், ஏன் தள்ளலன்னு எனக்கே புரில.”

கடைசி வளைவை அல்லியும் எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். தான் விட்ட இடத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள். வெளியே வரும்போது தன் பக்கத்திலும் ஒரு கார் அகலம் இருந்ததை இப்போதுதான் பார்த்தாள். அந்த இடம் இல்லாமலிருந்தால் அவள் பக்கம் பக்கமாக அந்தக் கோட்டுக்கு வந்தே இருக்க முடியாது. அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. கோப்பை வாங்கிய வருடத்தில்கூட அப்படி வரவில்லை.

“அப்ப அது உன் கைதானேக்கா” என்றான் ரெக்ஸ். “என் பேருல ஓடுது.”

“இல்ல” என்றாள் அல்லி. “நான் எடம் விட்டேன், அவ்வளவுதான். திருப்பி விட்டது நீ. அது உன்ற கை.”

நசீமா டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் அதை எடுத்து ஆறவிட்டுக்கொண்டிருந்தான்.

“எங்கம்மா நான் ஓட்றத ஒரு தபா கூடப் பாத்தது இல்லக்கா” என்றான் கடைசியில். “எவனையாச்சும் இடிச்சு சாவடிச்சுருவேன்னு பயம். டிவியைக் கூட ஆஃப் பண்ணிரும். நாளைக்கு அம்மாவை ராயபுரத்துல பஸ் ஏத்தி, மெரினா வரைக்கும் கூட்டிக்கினு போப்போறேன். நல்லாப் பாரு, உன் புள்ள இப்டித்தான் ஓட்றான்னு சொல்லப்போறேன்.”

“சன்னல் சீட்டுல உக்கார வெச்சராத” என்றாள் அல்லி. “முன்னாடி உக்கார வை. ரோடு தெரியோணும்.”